மனிதன் இல்லாவிட்டால் காவிரி எந்தப் பக்கம் போகும்?

தம்பி, நீங்கள் நீடாமங்கலத்திலிருந்து எழுதிக் கேட்டதை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன், படிப்பவர்களுக்கும் தெரியட்டும். விலங்கியல் முதலாண்டு படிக்கிறீர்கள். புலி இல்லாவிட்டால் மான் பெருகிக் காடு கெடும், மண்புழு இல்லாவிட்டால் மண் இறுகும், தேனீ இல்லாவிட்டால் காய் பிடிக்காது. மனிதன் இல்லாவிட்டால் மட்டும் எல்லாம் நன்றாக இருக்கும் என்று வகுப்பில் ஒரு விவாதம் முடிந்திருக்கிறது. மனிதன் பூமிக்கு வந்த நோய் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை, பதிலும் தெரியவில்லை. ஓர் உயிரினம் என்ற அளவில் மனிதனுக்கு இயற்கையில் என்ன வேலை என்று கேட்கிறீர்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கும்பகோணத்தில் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்தியவள். அதற்கு முன்னால், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடைக் கிராமம் ஒன்றில் நடவுக்குப் போன ஒரு தாயின் மகள். அந்த இரண்டு இடத்திலிருந்தும்தான் இந்தப் பதில் வருகிறது.

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். எந்த உயிரையும் இயற்கை வேலை சொல்லி அனுப்புவதில்லை. புலி பசிக்கு அடிக்கிறது, மானின் எண்ணிக்கை அதற்குத் தெரியாது. மண்புழு தின்கிறது, கழிக்கிறது, நகர்கிறது. அதனால் சுற்றியிருப்பவற்றுக்கு என்ன நேர்கிறதோ அதைத்தான் பாடப்புத்தகத்தில் 'சூழலில் அதன் பங்கு' என்று எழுதுகிறோம். மனிதனையும் அப்படியே பார்க்கலாம். அவன் தின்று, கழித்து, கட்டி, வெட்டி வாழ்வதால் மற்றவற்றுக்கு என்ன ஆகிறது? இதைப் பார்க்கக் காவிரி டெல்டாவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கே மனிதன் கை படாத ஒரு சாண் நிலம் கிடைப்பது அரிது.

முதலில் உடம்பு. அம்மா குறுவை நடவுக்குப் போகும்போது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஆனி, ஆடி வெயில், முழங்கால் வரை சேறு, காலையிலிருந்து குனிந்த முதுகு. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கும். கரையேறி உட்கார்ந்தால் காய்கிற ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். பல வருஷம் கழித்துக் கல்லூரியில் வியர்வைச் சுரப்பிகளைப் பற்றிப் படித்தபோது என் கண்ணில் நின்றது அந்த ரவிக்கைதான்.

நம் தோலில் இருபது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சியின் தோலில் இருப்பதைவிடப் பத்து மடங்கு அடர்த்தி. ஒரு லிட்டர் வியர்வை தோலில் காயும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ரோமம் குறைந்த தோல், நிமிர்ந்த நடை, இந்த வியர்வை மூன்றும் சேர்ந்துதான், மற்ற பாலூட்டிகள் நிழல் தேடிப் படுத்துவிடும் நண்பகலில் மனிதன் நடக்கவும் ஓடவும் வேலை செய்யவும் முடிகிறது. மாட்டைப் பன்னிரண்டு மணிக்கு ஏரிலிருந்து அவிழ்த்துவிடுவார்கள், ஆள் வேலை செய்துகொண்டிருப்பான். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளாக இன்று கருதப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூடில் கிடைத்தவை, ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு பழமை. ஆப்பிரிக்க வெயிலில் வார்க்கப்பட்ட உடம்பு இது.

ஆனால் வியர்வை காய்ந்தால்தான் குளிரும். தண்ணீர் நிற்கிற வயலில், காற்றே ஈரமாக இருக்கும் கடலோரத்தில், வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 டிகிரியைத் தொட்டால் எந்த மனித உடம்பும் பல மணி நேரம் தாங்காது என்பது பழைய கணக்கு. அமெரிக்காவில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்து 2022-ல் வெளியிட்ட முடிவு, ஈரம் மிகுந்த காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பு தடுமாறத் தொடங்குகிறது என்று சொல்கிறது. நடவு நடும் பெண்களில் பலர் இளைஞர்கள் அல்ல, ஐம்பதைத் தாண்டியவர்கள். புவி சூடாவதைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பனிக்கரடி ஞாபகத்துக்கு வருவதில்லை.

அடுத்து வயிறு. உணவுச் சங்கிலிப் படத்தில் மனிதனைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் உச்சியில் வரைவார்கள். 2013-ல் நாடுகளின் உணவுப் புள்ளிவிவரத்தை வைத்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். செடிகொடிக்கு 1, செடியை மட்டும் தின்பதற்கு 2 என்று ஏறும் அந்த அளவுகோலில் மனிதனுக்கு வந்தது 2.21. பன்றியும் நெத்திலியும் நிற்கிற படி அது. நாகப்பட்டினத்து மீன் ஏலத்தில் கூடையில் கிடக்கும் நெத்திலியும் அதற்கு விலை கேட்பவரும் ஒரே படியில் நிற்கிறார்கள். சோறே பிரதானமான நம் நாட்டில் படி இன்னும் கீழே.

தின்பதில் நெத்திலி, வேட்டையில் அப்படி இல்லை. மற்ற வேட்டையாடிகள் பெரும்பாலும் குஞ்சையும் கிழத்தையும் நோயுற்றதையும் பிடிக்கும். மனிதன் வளர்ந்ததை, முட்டையிடத் தயாரானதைப் பிடிக்கிறான். கடலில் வளர்ந்த மீனை மற்ற வேட்டையாடிகளைப் போல 14 மடங்கு வேகத்தில் எடுக்கிறோம் என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது என்று தடை இருப்பதன் நியாயம் இதுதான்.

அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் மனித உடம்பைப் பற்றிப் பேசவே முடியாது. நம் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஓய்வில் இருக்கும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் அது எடுத்துக்கொள்வது 20 சதவீதம். இவ்வளவு செலவுள்ள மூளையைச் சின்னப் பல், சின்னத் தாடை, குட்டைக் குடலை வைத்துக்கொண்டு எப்படிக் காப்பாற்றுகிறோம்? சமைப்பதால்தான் என்கிறார் ஹார்வர்டு மானுடவியலாளர் ரிச்சர்ட் ராங்கம். சிம்பன்சி தினமும் பல மணி நேரம் மெல்வதிலேயே கழிக்கிறது. நாம் அந்த வேலையில் பாதியை நெருப்பிடம் ஒப்படைத்துவிட்டோம். எல்லா ஆய்வாளரும் அவருடைய காலக்கணக்கை ஏற்கவில்லை, ஆனால் சமைத்த உணவு இல்லாமல் நம் உடம்பு சரியாக ஓடாது என்பதில் சந்தேகமில்லை.

வகுப்பில் நான் வருஷா வருஷம் செய்யச் சொன்னது ஒன்று உண்டு. குழம்பு எதுவும் ஊற்றாத வெறுஞ்சோறு ஒரு கவளம் எடுத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். ஒரு நிமிடத்தில் லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுகிறது. அந்த நொதியைச் செய்யும் மரபணு சிம்பன்சிக்கு இரண்டு பிரதிதான். மனிதரில் சராசரியாக ஆறு அளவில் இருக்கிறது, சிலரிடம் பத்துக்கும் மேல். மாவுச்சத்தை அதிகம் தின்றுவந்த மக்களிடம் பிரதிகள் கூடுதல். சோறு நம் உடம்பை வளர்த்தது மட்டுமில்லை, திருத்தியும் இருக்கிறது.

அம்மா நெல் அவிப்பார். அண்டாவில் நெல் வெடிக்கத் தொடங்கும்போது எழும் அந்த வாசம் தெருமுனைக்கு வரும். தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்து அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. பச்சரிசியைத் தீட்டித் தின்ற கிழக்காசிய நாடுகளில் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களை முடக்கியபோது புழுங்கல் அரிசி தின்றவர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. அம்மாவுக்கு பி1 தெரியாது. அவருடைய அம்மா செய்ததைச் செய்தார். மனித இனத்தின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்: காரணம் தெரியாத அறிவைக்கூட நம்மால் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் சேதமில்லாமல் கொண்டுபோக முடிகிறது. மரபணு ஆயிரக்கணக்கான வருஷத்தில் கற்பதை ஒரு பாட்டி ஒரு போகத்தில் கற்பித்துவிடுகிறாள்.

பாட்டி என்றேன். விலங்குலகில் பாட்டி அபூர்வம். பிள்ளைப்பேறு நின்ற பிறகும் இருபது, முப்பது ஆண்டு ஒரு பெண் உயிர் வாழ்வது மனிதரிலும் சில திமிங்கல வகைகளிலும்தான் இயல்பாகக் காணப்படுகிறது. தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடம் ஆய்வு செய்த மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ், பாட்டிகள் கிழங்கு தோண்டிக் கொண்டுவந்து போடுவதால்தான் தாய் அடுத்த பிள்ளையைச் சீக்கிரம் பெற முடிகிறது என்று வாதிட்டார். சிம்பன்சித் தாய் ஒரு குட்டியைத் தனியாகத் தூக்கி வளர்க்கும், அடுத்த குட்டிக்கு ஐந்து வருஷமாவது ஆகும். மனிதக் குழந்தை அதைவிட நெடுங்காலம் பிறர் கையையே எதிர்பார்க்கும், இருந்தும் தாய் மூன்று வருஷத்தில் இன்னொன்று பெறுவாள். கணக்கு எங்கே சரியாகிறது என்றால், தூளியில். வரப்போரப் பூவரசில் பழம்புடவைத் தூளி கட்டி, நான்கு வீட்டுப் பிள்ளைகளை ஒரு கிழவி ஆட்டிக்கொண்டிருப்பார். என் தம்பி அப்படி வளர்ந்தவன்தான். நடவு முடிந்து அம்மா கரையேறும்போது அவன் வேறொரு வீட்டுப் பாட்டியின் மடியில் தூங்கிக்கொண்டிருப்பான்.

நாலைந்து வயதுக் குழந்தையின் மூளை உடம்பு செலவழிக்கும் சக்தியில் 40 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த வயதில் உடம்பு மெதுவாக வளர்கிறது. கற்பதற்காகவே வளர்ச்சியைத் தள்ளிப்போட்ட இனம் நாம்.

சேர்ந்து வாழும் பூச்சிகள் உண்டு, கூடி வேட்டையாடும் ஓநாய்கள் உண்டு. உறவில்லாதவர்கள், ஒருவரையொருவர் பார்த்தேயிராதவர்கள், ஒரு ஏற்பாட்டை மதித்து நடப்பது மனிதரிடம் மட்டும்தான் இந்த அளவுக்கு இருக்கிறது. மேட்டூர் அணை 1934-ல் பயன்பாட்டுக்கு வந்தது. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அதன்பின் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று கிளை விட்டு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் எனச் சிறுத்து, கடைசியில் எங்கள் ஊர் மடைக்கு வரும். மேலே ஒருவர் மடையை ஒரு இரவு கூடுதலாகத் திறந்து வைத்தால் எங்களுக்கு நாற்று காயும். அதனால் முறை வைப்பார்கள். லஸ்கர் என்கிற அரசுப் பாசன ஊழியர் மதகைத் திறப்பார், ஊர் நீர்க்கட்டி வாய்க்காலில் நடந்து பார்ப்பார், முறை தவறியவன் ஊர் நடுவே பதில் சொல்ல வேண்டும். பொதுச் சொத்தை ஆளுக்கு ஆள் சுரண்டி அழிப்பார்கள் என்ற பழைய முடிவை மறுத்து, மக்கள் தாங்களே விதி வகுத்துக் காக்கவும் செய்கிறார்கள் என்று உலகம் முழுக்க இப்படிப்பட்ட பாசன ஏற்பாடுகளையும் மீன்பிடித் துறைகளையும் வைத்துக் காட்டியதற்காகத்தான் எலினோர் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவளாக மாட்டேன். சேர்ந்து நிற்கிற அதே குணம்தான் 'நம்மவர்' என்று ஒரு கோடும் போடுகிறது. முறைவைத்த தண்ணீரில் யார் வயலுக்கு உரிமை, யார் குளத்தில் இறங்கக்கூடாது என்று தீர்மானித்ததும் அந்த ஊர்க்கட்டுதான். 1968 டிசம்பர் 25 இரவு, எங்கள் பக்கத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அம்மா அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், வீட்டுக்குள் எங்களைத் தவிர யாரும் இல்லாதபோதும். கூட்டமாகத் திட்டமிட்டுத் தன் இனத்தையே கொல்வது சிம்பன்சியிடமும் உண்டு. அதனால் அது இயற்கை, மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோடு எங்கே விழுகிறது என்பது மரபணுவில் எழுதியிருக்கவில்லை. போட்டவர்கள் மனிதர்கள்.

இப்போது உங்கள் வகுப்பு முடித்துவைத்த விஷயத்துக்கு வருகிறேன். மனிதன் நாளைக் காலை இல்லாமல் போனால் டெல்டா என்ன ஆகும்?

முதலில் போவது ஆறு. முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றிவந்து கல்லணைப் பக்கத்தில் மறுபடி நெருங்குகின்றன. அங்கே கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, காவிரியின் படுகை மேடு. தண்ணீரை அதன் போக்கில் விட்டால் பள்ளத்துக்கு, கொள்ளிடத்துக்குத்தான் ஓடும். கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் கல்லணை அதைத் தடுப்பதற்குத்தான் அங்கே கிடக்கிறது. அடித்தளம் தோண்ட வழியில்லாத மணலில் பாறைகளைப் போட்டுப் புதையவிட்டு, அதன்மேல் மேலும் போட்டு எழுப்பிய சுவர் அது. மணலில் எப்படி அணை நிறுத்துவது என்று அதைப் பார்த்தே கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதினார். 1830-களில் அவர் முக்கொம்பில் மேலணை கட்டியதும் இதே காரணத்துக்காக, கொள்ளிடம் காவிரியின் பங்கை விழுங்கிக்கொண்டே இருந்தது. 2018 ஆகஸ்டில் அந்த மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது இரவும் பகலுமாக மணல் மூட்டை அடுக்கியதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டாக மனிதன் தோள் கொடுத்து நிறுத்திவைத்திருக்கிற ஆறு இது. தோளை எடுத்தால் தஞ்சாவூருக்குக் கிழக்கே, தெற்கே இருக்கும் கிளைகள் மெல்லத் தூர்ந்துபோகும்.

அடுத்து நெல். அறுப்புக்கு நிற்கும் ஆடுதுறை 43 கதிர் ஒன்றைக் கையில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். மணி அவ்வளவு சுலபத்தில் உதிராது. அதே வயலில் தானாக முளைத்த களைநெல் கதிரைத் தொடுங்கள், விரல் பட்டதும் பொலபொலவென்று கொட்டும். காட்டு நெல்லின் இயல்பு அது, உதிர்ந்தால்தான் அடுத்த தலைமுறை. ஏறக்குறைய ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முன் சீனத்தின் யாங்சி ஆற்றுப் பக்கம் மனிதர் கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது, உதிர்ந்தது வயலில் கிடந்தது, உதிராதது வீட்டுக்கு வந்தது, மறுவருஷம் அதுவே விதையானது. அப்படியே போகப் போக, நம்மை நம்பியே பிழைக்கிற புல்லாக அது மாறிவிட்டது. நாம் இல்லாவிட்டால் சில வருஷத்தில் வயலில் களைநெல்லும் கோரையும்தான் நிற்கும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற ரகங்களை ஒரு மனிதர் தேடித் தேடிச் சேர்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று திருத்துறைப்பூண்டிக்காரியாகிய எனக்குத் தெரியும். 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன் நூற்றெழுபதுக்கு மேல் பாரம்பரிய நெல்லை மீட்டார், விதையைக் கொடுத்து மறுவருஷம் இரட்டிப்பாகத் திரும்ப வாங்கிப் பரப்பினார். ஓர் உயிரினம் இன்னோர் உயிரினத்தின் பன்மையைத் தெரிந்தே காப்பாற்றியது என்று இதைச் சூழலியல் பாடத்தில் எழுதலாம்.

வயலை நம்பி வந்த மற்றவை எத்தனை! உழும்போது பின்னாலேயே நடக்கும் கொக்கு. வரப்பில் வளை தோண்டும் எலி, அதற்காக வரும் ஆந்தையும் சாரைப்பாம்பும், எலியைப் பிடிக்கவே மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டி என்ற பொறி. அறுப்பு முடிந்த வயலில் சிந்திய மணிக்கும் நத்தைக்கும் இறங்கும் வாத்துக் கூட்டம். கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிவந்து கிடை போடுவார்கள். ஓர் இரவு கிடை போட்ட நிலத்தில் பயிர் தனியாகக் கருத்து நிற்கும். மேய்ச்சல் மிருகம் ஓரிடத்துச் சத்தை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது காட்டில் நடப்பதுதான். இங்கே அதை ஒரு மனிதன் கோலை ஊன்றிக்கொண்டு நடந்து நடத்துகிறான்.

மனிதனை நம்பி வாழ்வதில் நமக்குப் பிடிக்காதவையும் உண்டு. கும்பகோணத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். யானைக்கால் நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் இருந்துவிட்டு, கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் தோலுக்கு அருகே இரத்தத்தில் வரும். அந்தப் புழுவுக்கு மனிதனைத் தவிர வேறு விலங்கில் வீடு கிடையாது. சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, அதன் உடம்பில் புழு, நாம் தேக்கிவைத்த அழுக்குத் தண்ணீர், நம் உடம்பு, எல்லாம் சேர்ந்து ஒரு சூழல். நம் குடலிலும் தோலிலும் வாழும் பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி என்பது 2016-ல் போட்ட கணக்கு, நம் சொந்த செல்கள் 30 லட்சம் கோடிதான். மனிதனே ஒரு வாழிடம்.

நாம் கெடுத்ததை இனிச் சொல்கிறேன், அது சின்னப் பட்டியல் இல்லை. உல்லம் என்று ஒரு மீன், வங்காளத்தார் ஹில்சா என்று கொண்டாடுவது. கடலிலிருந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி முட்டையிட வரும். அணைக்கட்டுகள் வழியை மறித்தன, மேட்டூருக்குப் பிறகு வரத்து ஒடுங்கிப்போனது. வண்டல் அணையிலேயே தங்கிவிடுகிறது. வண்டல் வந்து ஏறாத எந்த டெல்டாவும் தன் பாரத்திலேயே தாழும், கடல் உள்ளே வரும். வேதாரண்யம் பக்கத்து ஆழ்குழாயில் வாய் கொப்பளித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்று மணலையும் நாமே அள்ளினோம். தண்ணீர் தேங்கிய வயலில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேன் விடுகின்றன, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் அது குறையும் என்று தெரிந்தும் தண்ணீர் எப்போது வரும் என்ற பயத்தில் நிறுத்திவைக்கிறோம். யூரியா போன்ற செயற்கை நைட்ரஜன் உரம் இல்லாமல் இன்றைய உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சாப்பாடு இல்லை, அதன் மிச்சம் குளத்தில் பாசியாக நிற்கிறது. கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான் மேய்கிற புல்வெளிக்குள் சீமைக் கருவேல் புகுந்திருப்பதும் நாம் கடல் கடந்து கொண்டுவந்ததால்தான். 2018-ல் வந்த ஒரு கணக்கின்படி உலகப் பாலூட்டிகளின் மொத்த எடையில் 36 சதவீதம் மனிதர், 60 சதவீதம் நம் மாடு, பன்றி, ஆடு முதலியவை, காட்டு விலங்கு, திமிங்கலம் எல்லாம் சேர்த்து மீதி 4. இந்த எண்ணை முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இருந்தும் 'நோய்' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன், தம்பி. கைதட்டியவர்கள் 'மனிதன்' என்று சொன்னது யாரை? கடைமடையில் ஒரு போகத் தண்ணீருக்குக் காத்திருப்பவரையும், குளிரூட்டிய வீட்டிலிருந்து விமானத்தில் போய்வருபவரையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது விஞ்ஞானம் ஆகாது. உயிரியலில் எந்த இனத்தையும் அப்படி மதிப்பிடுவதில்லை. எத்தனை பேர், எதை எவ்வளவு எடுத்தார்கள், எதைத் திருப்பிப் போட்டார்கள் என்று பார்ப்போம். அம்மா ஒரு நாளில் நட்ட நாற்றும், அதில் வந்து நின்ற கொக்கும், அதன் சேற்றிலிருந்து போன மீத்தேனும் எல்லாம் அந்தக் கணக்கில் வரவேண்டும்.

மனிதன் இன்னும் பரிணமிக்கிறானா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஆம். மேலே சொன்ன அமைலேஸ் ஒரு சாட்சி. பெரியவர்களான பிறகும் பாலைச் செரிக்கும் திறன் இன்னொன்று, அது மாடு வளர்த்த மக்களிடையே சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் பரவியது. வடமேற்கு இந்தியாவில் அதிகம், தெற்கே குறைவு. நம் வீடுகளில் பால் மோராகிப் பிறகே பெரியவர்கள் வயிற்றுக்குப் போவது பலருக்கு ஒத்துக்கொள்வதற்கு இதுவும் காரணம்.

நீடாமங்கலத்திலிருந்து வடுவூர் தூரமில்லை. மார்கழியில் ஒரு நாள் விடிவதற்குள் ஏரிக்கரைக்குப் போய் நில்லுங்கள். அது பாசனத்துக்காக மனிதன் வெட்டிய ஏரி, மேட்டூர்த் தண்ணீரும் மழையும் நிரப்புவது, 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெளிச்சம் வந்ததும் பறவைகள் கூட்டம் கூட்டமாக எழுந்து அக்கம்பக்கத்துச் சம்பா வயல்களுக்குப் போகும். அவை எந்த வயலில் இறங்குகின்றன, எதைத் தின்கின்றன, அன்றைக்கு அந்த வயலில் யார் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த விவாதத்தில் அதைப் படித்துக் காட்டுங்கள்.